பறக்கும் கார் சொந்த வாகனமாக எப்போதாவது வருமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பறக்கும் கார்கள் பற்றிய செய்திகளைப் பல ஆண்டுகளாக ஆர்வத்துடன் படித்து வருகிறேன். 2021 ஜூன் மாதம், ஸ்டெஃபான் கிளைன் வடிவமைத்த ஏர்கார் ஸ்லோவாக்கியாவின் நித்ரா விமான நிலையத்திலிருந்து பிராத்திஸ்லாவா விமான நிலையத்துக்கு 35 நிமிடங்களில் பறந்து சென்று, இறக்கைகளை மடக்கிக்கொண்டு நகருக்குள் சாலையில் ஓடியது. 2022 ஜனவரியில் அதற்குப் பறப்புத் தகுதிச் சான்றிதழும் கிடைத்தது. அதன் பிறகு, 2023 அக்டோபரில், விமானி இல்லாமல் இரண்டு பயணிகளை ஏற்றிச் செல்லும் இஹாங் நிறுவனத்தின் மின் வானூர்திக்குச் சீன விமானப் போக்குவரத்து நிர்வாகம் வகைச் சான்றிதழ், அதாவது அதன் வடிவமைப்பு பாதுகாப்பானது என்ற ஒப்புதல், வழங்கியது. இவ்வளவு நடந்த பிறகும், பாரிஸ் ஒலிம்பிக்கின்போது பயணிகளுடன் பறக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட வான் டாக்சிச் சேவை நடக்கவில்லை. 2024 இறுதியில் இத்தகைய மின் வானூர்திகளை உருவாக்கிவந்த ஜெர்மனியின் லிலியம், வோலோகாப்டர் ஆகிய இரு நிறுவனங்களும் நொடிப்பு நடவடிக்கைக்குள் சென்றன.

எனக்குப் புரியாதது இதுதான். சான்றிதழ் கிடைக்கும் அளவுக்குத் தொழில்நுட்பம் முதிர்ந்துவிட்டதென்றால், தடையாக நிற்பது எது? அரசுகளின் விதிமுறைகளா, பணமா, அல்லது நம்மைப் போன்ற பொது வாசகர்கள் கவனிக்காத ஏதேனும் அடிப்படைச் சிக்கல் இருக்கிறதா? ஒரு சாதாரணக் குடும்பம் இன்று கார் வைத்திருப்பதைப் போல ஒரு பறக்கும் ஊர்தியை வைத்திருக்கும் காலம் வரும் என்று நம்புவதற்கு இடமிருக்கிறதா? துறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 — வானூர்திப் பொறியியல் கற்பிப்பவர்

நண்பருக்கு வணக்கம். உங்கள் கேள்விக்குள் இரண்டு வெவ்வேறு ஊர்திகள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஏர்கார் என்பது சாலையிலும் ஓடக்கூடிய ஒரு சிறு விமானம். அதற்கு ஓடுபாதை வேண்டும். இஹாங்கின் ஊர்தி சாலையில் ஓடவே ஓடாது. அது நின்ற இடத்திலிருந்து செங்குத்தாக எழும்பி இறங்கும் மின் வானூர்தி. செய்திகளில் இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டப்படுவதால், ஒன்றின் வெற்றி மற்றதன் வெற்றியாக நம் மனத்தில் பதிந்துவிடுகிறது.

முதல் வகை புதியதல்ல. கிளென் கர்ட்டிஸ் 1917-லேயே ஆட்டோபிளேன் என்ற ஊர்தியைக் காட்சிக்கு வைத்தார். அது முறையாகப் பறந்ததில்லை. மோல்ட் டெய்லர் உருவாக்கிய ஏரோகார் 1949-ல் பறந்தது, 1956-ல் அமெரிக்க அரசின் சான்றிதழையும் பெற்றது. ஆயினும் கட்டி முடிக்கப்பட்டவை ஆறு மட்டுமே. ஆகவே சான்றிதழ் பெற்ற பறக்கும் கார் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக நம்மிடம் இருக்கிறது. அது பெருகாமல் போனதற்குக் காரணம், ஒரே உடலிடம் இரண்டு எதிரெதிரான குணங்களைக் கேட்பதுதான். கார் சாலையை அழுத்திப் பிடிக்க வேண்டும். விமானம் தரையை விட்டு எழ வேண்டும். மோதினால் நசுங்கி உள்ளே இருப்பவரைக் காக்கும் முன்பகுதி, காற்றுப்பைகள், கனமான கண்ணாடி, தடித்த டயர் ஆகிய அனைத்தும் காருக்குத் தேவை. இவற்றின் ஒவ்வொரு கிலோவும் விமானத்துக்குச் சுமை. டெராஃபூஜியா நிறுவனம் தன் டிரான்சிஷன் ஊர்திக்காக, டயரிலும் கண்ணாடியிலும் வழக்கமான கார் விதிகளிலிருந்து அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பிடம் 2011-ல் விலக்குப் பெற வேண்டியிருந்தது. மேலும், வாகன நிறுத்தத்தில் பக்கத்து வண்டி உரசி ஏற்பட்ட ஒரு சிறு நசுக்கலைக் கார் உரிமையாளர் கவனிக்காமல் விடலாம். அதே நசுக்கல் இறக்கை மடியும் கீலுக்கு அருகில் இருந்தால், தகுதி பெற்ற பொறியாளர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திடும்வரை அந்த ஊர்தி பறக்கக் கூடாது.

இரண்டாம் வகையின் சிக்கல் இன்னும் அடிப்படையானது. அதை ஒரு கணக்கின் வழியாகவே சொல்ல விரும்புகிறேன். ஆயிரம் கிலோ எடையுள்ள ஓர் ஊர்தி அந்தரத்தில் அசையாமல் நிற்க வேண்டுமானால், தன் எடைக்கு ஈடான விசையுடன் காற்றைத் தொடர்ந்து கீழே தள்ள வேண்டும். அதன் சுழலிகள் அனைத்தும் சேர்ந்து 10 சதுர மீட்டர் பரப்பைத் துடைக்கின்றன என்று கொள்வோம். அப்போது சுழலியின் வழியே காற்று நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் இறங்க வேண்டும். அதற்கு, இழப்பே இல்லாத கற்பனை நிலையில்கூட, கிட்டத்தட்ட 200 கிலோவாட் திறன் வேண்டும். நடைமுறை இழப்புகளைச் சேர்த்தால் 280 கிலோவாட்டை நெருங்கிவிடும். அதே எடையுள்ள கார் சமதளச் சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓடுவதற்குச் சுமார் 15 கிலோவாட் போதும். எங்கும் போகாமல் நிற்பதற்கு மட்டும், ஓடும் காரைப் போல் பதினைந்து மடங்குக்கும் மேலான திறன் செலவாகிறது என்பதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

இப்போது அந்த ஊர்தியில் 300 கிலோ பேட்டரி வைக்கிறோம் என்போம். உறை, குளிரூட்டும் அமைப்பு எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 200 வாட்-மணி என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், கையில் இருப்பது 60 கிலோவாட்-மணி. அதை முழுவதும் வடித்தாலும் பதின்மூன்று நிமிடங்களுக்கு மேல் அந்தரத்தில் நிற்க இயலாது. அமெரிக்க விதிகளின்படி, பார்வை முறையில், அதாவது விமானி வெளியே கண்ணால் பார்த்து வழியறிந்து, பறக்கும் ஹெலிகாப்டர் ஒன்று சேருமிடத்தை அடைந்த பிறகும் இருபது நிமிடம் பறப்பதற்கான எரிபொருளைக் கையிருப்பாக வைத்திருக்க வேண்டும் என்பதை இதனருகில் வைத்துப் பாருங்கள். பெட்ரோலில் ஒரு கிலோவுக்குச் சுமார் 12,000 வாட்-மணி ஆற்றல் உள்ளது. நல்ல லித்தியம்-அயான் மின்கலத்தில் சுமார் 250. மின்மோட்டாரின் மேலான செயல்திறனைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் பத்து மடங்குக்கு மேல் இடைவெளி எஞ்சுகிறது. எரிபொருள் தீரத் தீர விமானம் இலகுவாகிறது. பேட்டரியோ தீர்ந்த பிறகும் அதே எடையுடன் கூடவே இறங்குகிறது. போதாக்குறைக்கு, மின்னேற்றம் குறையும்போது பேட்டரி தரக்கூடிய உச்சத் திறனும் குறைகிறது. பயணத்தின் கடைசிக் கட்டமான தரையிறக்கத்துக்குத்தான் அந்த உச்சத் திறன் தேவைப்படுகிறது. இத்துறையில் உழைப்பவர்களின் உறக்கத்தைக் கெடுப்பது இந்தக் கடைசி இரண்டு நிமிடங்களே.

இதனால்தான் ஜோபி போன்ற நிறுவனங்கள் இறக்கையுடன் வடிவமைக்கின்றன. சுழலிகள் மேல்நோக்கி இருந்து ஊர்தியைத் தூக்கிவிட்டு, பிறகு முன்நோக்கிச் சாய்ந்துகொள்கின்றன. எடையை இறக்கை சுமக்கத் தொடங்கியதும், நம் ஆயிரம் கிலோ ஊர்தி மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 60 கிலோவாட்டிலேயே பறந்துவிடும். தீர்வு நல்ல தீர்வுதான். ஆனால் இறக்கை வந்தவுடன் ஊர்தியின் அகலம் பத்து மீட்டரைத் தாண்டிவிடுகிறது. வீட்டு வாசலில் வந்து நிற்கும் கனவு அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் விடை: விதிமுறைகள் காரணமல்ல, காற்றின் இயற்பியல்தான் காரணம், விதிமுறைகள் அதைப் பின்தொடர்ந்து வந்தவை.

மறுமொழி 2 — ஹெலிகாப்டர் பராமரிப்புத் தொழில்நுட்பர்

மேலே ஐயா எழுதியவை அனைத்தும் எனக்கு உடன்பாடானவை. நான் தரையில் நின்று வேலை செய்பவன். எனவே தரையிலிருந்து தெரியும் ஒன்றைச் சேர்க்கிறேன்.

ஹெலிகாப்டரின் சுழலி இறக்கையைச் சோதிக்கும்போது, அதன் பரப்பின் மீது ஒரு நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போவோம். அடுக்குகள் இறுகப் பிணைந்திருக்கும் இடத்தில் தெளிவான ஓசை எழும். உள்ளே ஒட்டு விட்டிருந்தால் ஓசை மந்தமாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குறையைக் காது கண்டுபிடிக்க வேண்டும், கண்டதைப் பதிவேட்டில் எழுத வேண்டும், எழுதியவர் பெயரிட்டுப் பொறுப்பேற்க வேண்டும். வானூர்தியில் பயணம் பாதுகாப்பாக இருப்பதற்குக் காரணம், இந்தச் சலிப்பூட்டும் ஒழுங்கு ஒருநாளும் தவறாமல் நடப்பதுதான். கார் வைத்திருப்பவர்களில் எத்தனை பேர், எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டுகிறார்கள்! அவர்கள் மீது குறை சொல்லவில்லை. கார் அதைப் பொறுத்துக்கொள்ளும், பழுதானால் ஓரமாக நின்றுவிடும். வானில் ஓரம் என்று ஓரிடம் கிடையாது.

ஒரு வரலாற்று நிகழ்வையும் நினைவூட்ட வேண்டும். நகருக்கு நடுவே கட்டடக் கூரையிலிருந்து பயணிகளை ஏற்றி விமான நிலையத்துக்குக் கொண்டுசெல்லும் சேவை நியூயார்க்கில் நடந்திருக்கிறது. நியூயார்க் ஏர்வேஸ் என்ற நிறுவனம் பான் ஆம் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஹெலிகாப்டர்களை இயக்கியது. 1977 மே 16 அன்று, சுழலிகள் சுழன்றுகொண்டிருக்கப் பயணிகள் ஏறிக்கொண்டிருந்தபோது, தரையிறங்கு சக்கரக் காலில் ஏற்பட்ட உலோகச் சோர்வினால் ஊர்தி பக்கவாட்டில் சாய்ந்தது. கூரையில் நால்வர் இறந்தனர். சிதறிய சுழலித் துண்டு கீழே தெருவில் விழுந்ததில் வழிப்போக்கர் ஒருவரும் இறந்தார். அந்தக் கூரைத்தளம் அதன் பிறகு மூடப்பட்டது. பறந்துகொண்டிருந்தபோது நேர்ந்த விபத்தல்ல அது. சக்கரக் காலின் ஒரு பாகத்தில் யாரும் காணாத ஒரு விரிசல், அவ்வளவுதான். அந்த ஊர்தியில் ஏறாத ஒருவரின் உயிரும் அதனால் போயிற்று என்பதை நான் மறக்க முடிவதில்லை. தனிநபர் ஊர்திகள் ஆயிரக்கணக்கில் வீடுகளுக்கு மேலே பறப்பதைப் பேசும்போதெல்லாம் அந்த வழிப்போக்கரைத்தான் நினைக்கிறேன்.

இயந்திரம் நின்றுபோனால், ஹெலிகாப்டரின் பெரிய சுழலியைக் கீழிருந்து வரும் காற்றே சுழற்றும். பயிற்சி பெற்ற விமானி அந்தச் சுழற்சியைக் கொண்டு மெதுவாகத் தரையிறங்கலாம். பல சிறு புரொப்பல்லர்களைக் கொண்ட மின் வானூர்திகளில் இந்த வசதி பெரும்பாலும் இல்லை. பாராசூட் வைக்கலாம், ஆனால் அது விரிவதற்குப் போதிய உயரம் வேண்டும், எழும்பும்போதும் இறங்கும்போதும் அந்த உயரம் இருக்காது.

மறுமொழி 3 — மின்மோட்டார் வடிவமைப்பில் ஈடுபட்டிருப்பவர்

மேலுள்ள இரு மறுமொழிகளையும் மதிக்கிறேன். எனினும் அவற்றை மட்டும் படிப்பவர், இத்துறையில் ஒன்றுமே மாறவில்லை என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடும். அது சரியல்ல.

ஹெலிகாப்டரில் ஒரு பெரிய சுழலி, அதை இயக்கும் பற்சக்கரப் பெட்டி, வாலில் இன்னொரு சுழலி என்று, ஒன்று முறிந்தால் அனைத்தும் போய்விடும் உறுப்புகள் பல உள்ளன. மின்மோட்டாரில் சுழலும் பாகங்கள் மிகக் குறைவு. இஹாங் ஊர்தியில் பதினாறு புரொப்பல்லர்கள், ஜோபியில் ஆறு என்று விசையைப் பகிர்ந்தளிப்பதால், ஒரு மோட்டார் நின்றாலும் மற்றவை ஈடுசெய்து ஊர்தியைத் தரையிறக்க இயலும். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2019-ல் வெளியிட்ட சிறப்பு நிபந்தனைகளின்படி, நகரங்களுக்கு மேலே பயணிகளை ஏற்றிச் செல்லும் இவ்வகை ஊர்தியில் பேரழிவு தரும் பழுது நூறு கோடிப் பறப்பு மணிக்கு ஒன்றுக்கு மேல் நேரக் கூடாது. பெரிய பயணிகள் விமானங்களுக்கு உள்ள அதே அளவுகோல் அது. கடுமையானதுதான், ஆனால் அந்த வழிப்போக்கரை மனத்தில் வைத்துத்தான் அதை எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவும் 2024 அக்டோபரில் இந்த ஊர்திகளை இயக்குவதற்கும் விமானிகளுக்குப் பயிற்சி அளிப்பதற்கும் தனி விதிகளை வெளியிட்டது.

ஓசையைப் பொறுத்தவரை, நாசாவுடன் இணைந்து நடத்திய அளவீட்டில் ஜோபியின் ஊர்தி சுமார் 500 மீட்டர் உயரத்தில் கடந்து சென்றபோது தரையில் பதிவானது 45.2 டெசிபல். இரண்டு பேர் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தால் அந்த ஊர்தி கடந்து போனதே தெரியாது. ஹெலிகாப்டரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

எனவே, சொந்த ஊர்தி என்ற எதிர்பார்ப்பை ஒதுக்கி வைத்தால், பயன் மிக்க இடங்கள் கண்முன்னே தெரிகின்றன. மாற்று உறுப்பு ஒன்றை மருத்துவமனையிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது, தீவுக்கும் கரைக்கும் இடையே மருத்துவரை அழைத்து வருவது, வெள்ளத்தில் பாலம் உடைந்த ஊருக்கு மருந்து சேர்ப்பது ஆகியவற்றில் தூரம் குறைவு, அவசரம் மிகுதி, மாற்றுவழி இல்லை. பேட்டரியின் இன்றைய வரம்புக்குள்ளேயே இவற்றில் பலவற்றைச் செய்துவிடலாம். என் உழைப்பெல்லாம் இதற்காகவே என்று எண்ணித்தான் நான் காலையில் வேலைக்குப் போகிறேன்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்தரத்தில் நிற்பதற்கான கணக்கை நானும் தாளில் போட்டுப் பார்த்தேன். சுழலிப் பரப்பை நான்கு மடங்காக்கினால் திறன் பாதியாகக் குறைகிறது என்பதும், ஹெலிகாப்டரின் சுழலி ஏன் அவ்வளவு பெரியது என்பதும் அப்போதுதான் விளங்கின.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. தானியங்கி முறையில் ஓட்டினால் விமானி உரிமம் தேவைப்படாது, பலரும் பயன்படுத்தலாம், சாலை நெரிசலும் குறையும் என்கிறார்களே, அதில் எவ்வளவு உண்மை? அடுத்தது, உறவினர் ஒருவர் இத்தகைய ஊர்தி ஒன்றுக்கு முன்பணம் கட்டலாமா என்று யோசிக்கிறார். அவர் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

மறுமொழி 4 — போக்குவரத்துத் திட்டமிடலில் பணியாற்றுபவர்

நெரிசல் குறித்து மட்டும் நான் சொல்கிறேன். ஒரு தரையிறங்கு மேடையில் ஊர்தி வந்து இறங்கி, பயணிகள் மாறி, மீண்டும் எழும்ப ஐந்து நிமிடம் ஆகிறது என்று கொள்ளுங்கள். மின்னேற்றும் நேரத்தைச் சேர்க்கவே இல்லை. மணிக்குப் பன்னிரண்டு முறை, தலா நான்கு பயணிகள் என்றால் நாற்பத்தெட்டுப் பேர். ஒரே ஒரு பேருந்து அவர்களை ஏற்றிக்கொள்ளும். பத்து மேடைகளை அமைத்தால் மணிக்கு 480 பேர். முழுநீள மெட்ரோ ரயில் ஒன்று ஒரே நடையில் இதைப் போல் இரு மடங்குக்கு மேல் கொண்டுபோகும். மேடைகளைச் சுற்றி உயரமான கட்டடங்கள் இல்லாத அணுகுவழியும் வேண்டும் என்பதால், நகரின் நெரிசலான பகுதியில்தான் அவற்றுக்கு இடம் கிடைப்பது மிகவும் கடினம்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். இருபது கிலோமீட்டரை மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் ஏழு நிமிடம்கூட ஆகாது. ஆனால் வீட்டிலிருந்து மேடைக்குப் போவதும், சோதனை முடிந்து ஏறுவதும், இறங்கிய மேடையிலிருந்து அலுவலகத்துக்குப் போவதும் அதே நெரிசலுக்குள்தான் நடக்கும். மிச்சமாகும் நேரத்தின் பெரும்பகுதி அங்கே கரைந்துவிடும். ஒரு நகரின் பொதுப் பணம் நெரிசலைத் தீர்ப்பதற்காக இதில் போடப்படுமானால், அந்தப் பணம் பேருந்துகளுக்கும் ரயிலுக்கும் போகாமல் போகிறதே என்பதுதான் என் கவலை. மேலே நண்பர் குறிப்பிட்ட மருத்துவப் பயன்களுக்குப் போடப்பட்டால் நான் முழு மனதுடன் ஆதரிப்பேன்.

மறுமொழி 5 — வானூர்திப் பொறியியல் கற்பிப்பவர்

தானியங்கி முறை பற்றி: வானில் பாதசாரிகளோ குறுக்குச் சந்துகளோ இல்லை என்பதால், ஒரு வகையில் சாலையைவிட அங்கே தானியங்கிக்கு வேலை எளிது. ஆனால் தானியங்கிக் காருக்குக் குழப்பம் வந்தால் அது வேகத்தைக் குறைத்து நின்றுவிடலாம். பறக்கும் ஊர்தி, குழம்பிய நிலையிலும் பறந்துகொண்டே ஓர் இடத்தைத் தேர்ந்து இறங்க வேண்டும். செயற்கைக்கோள் வழிகாட்டல் துண்டிக்கப்பட்டாலும், கட்டடங்களுக்கிடையே காற்று திடீரெனத் திசை மாறினாலும், இறங்க வேண்டிய மேடையில் வேறோர் ஊர்தி பழுதாகி நின்றாலும் அது தானாகவே முடிவெடுத்தாக வேண்டும். இஹாங்கின் ஊர்திகளைத் தரையிலுள்ள கட்டுப்பாட்டு மையம் கண்காணிக்கிறது. அப்படி ஒரு மையமும் வகுத்த பாதையும் தேவைப்படும்வரை, அது நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போகும் சொந்த வாகனம் ஆகாது, சேவையாகவே இருக்கும்.

உங்கள் உறவினர் விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, இந்த ஊர்திக்கு எத்தகைய சான்றிதழ் உள்ளது என்பதே. ஆய்வுக்காகவும் காட்சிக்காகவும் மட்டும் பறக்க அனுமதிக்கும் சிறப்புச் சான்றிதழ் ஒன்று உண்டு. 2023-ல் அமெரிக்காவின் ஆலெஃப் ஊர்திக்குக் கிடைத்தது அத்தகையதுதான். அதை வைத்துக்கொண்டு வாங்கியவர் அன்றாடப் பயணம் போக இயலாது. இன்னொன்று, அமெரிக்காவின் மிக இலகு வானூர்தி விதி: ஒருவர் மட்டும் அமரும் ஊர்தி, வெற்று எடை 115 கிலோவுக்குள் இருந்தால் உரிமமே வேண்டாம். ஜெட்சன் ஒன் போன்றவை இந்த விதியை ஒட்டியே வடிவமைக்கப்பட்டவை. ஆனால் அதே விதி, மக்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளுக்கு மேலே அவை பறப்பதைத் தடைசெய்கிறது. திறந்த வெளியில் பொழுதுபோக்காகப் பறக்க விரும்புபவருக்கு அது போதும், அலுவலகம் போக நினைப்பவருக்கு உதவாது. முழுமையான வகைச் சான்றிதழ் இருக்கிறதா, இல்லையென்றால் அதற்கான சோதனைகளில் எவை முடிந்துள்ளன, முன்பணம் தனிக் கணக்கில் பாதுகாக்கப்படுகிறதா, தன் நாட்டின் விமானப் போக்குவரத்து ஆணையம் அந்தச் சான்றிதழை ஏற்கிறதா என்ற நான்கையும் எழுத்து வடிவில் பெற்ற பிறகு அவர் முடிவு செய்யட்டும். வாய்மொழியாக மட்டும் பதில் வருமானால், பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.